மல்லாவி டொக்டரின் வள்ளம்

போன கிழமை என் கைத்தொலைபேசி பழுதாகி, மல்லாவிச் சந்தைக்கு முன்னால் இருக்கிற கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். திருத்துகிற தம்பி ஈயத்தை உருக்க, மெல்லிய புகை எழுந்து என் மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அன்ரி, சிரிக்கிறியள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி, எங்கட டொக்டரின்ர மணம்."

அவன் ஒரு மாதிரிப் பார்த்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்காவது ஆறுதலாகச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் பிள்ளைப்பேறு பார்க்கிற புது மருத்துவமாதுவாக யாழ்ப்பாணத்திலிருந்து மல்லாவிக்கு வந்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு டொக்டரைக் காணப் போனால், அறைக்குள் மருந்து மணத்துக்குப் பதிலாக ஈயப்புகை. மேசையில் ஒரு ரேடியோ குடல் சரிந்து கிடந்தது. டொக்டர் காதோரம் திருப்புளியைச் செருகிக்கொண்டு ஒரு அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்கட நெஞ்சு நல்லா வேலை செய்யுது அம்மா, ரேடியோதான் செய்யுதில்லை" என்றார். ரேடியோ அந்த அம்மாவினுடையது.

ரேடியோவோடு நின்றாரா? வயலின் வாசித்தார். வயிற்றுக்குத்தோடு வந்த ஒரு பெரியவர், "டொக்டர், நீங்கள் அதை நிப்பாட்டினால் எனக்குக் குத்தும் நிண்டிடும்" என்று கேட்டே விட்டார். கோபிப்பார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தார். தான் தங்கியிருந்த விடுதியின் பின்பக்கம் தேனீ வளர்த்தார். தேனீ கொட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் அநேகம் பேர் அவருடைய தேனீக்களால் வந்தவர்கள்தான்.

அவருடைய மனைவி ரீச்சர். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பா. "எல்லாத்தையும் துவங்குவார், ஒண்டையும் முடிக்கமாட்டார். இவர் முடிச்சது ஒண்டே ஒண்டு, எங்கட கலியாணம்தான்" என்பா.

அப்படித் துவங்கியதுதான் வள்ளமும். கடலுக்கும் மல்லாவிக்கும் என்ன உறவு? ஆனாலும் மாதக்கணக்காகப் பலகை சீவி, வளைத்து, தார் பூசி, ஒரு வள்ளத்தைச் செய்தே முடித்தார். வவுனிக்குளத்தில் இறக்கிய அன்று பார்க்க ஊரே திரண்டது. வள்ளம் மிதந்தது. ஆனால் நேரே போகவில்லை. எப்படித் துடுப்புப் போட்டாலும் இடப்பக்கமாக இழுத்து, வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. குளித்துக்கொண்டு நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான்.

அந்த மாரியில் மழை விடாமல் ஊற்றியது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது. பாலியாறு தெருவை மூடிக்கொண்டு ஓடியது. அக்கரையில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனங்களின் கிராமம். அங்கே லெட்சுமி தலைப்பிள்ளைக்குக் காத்திருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். காலையில் அவளுடைய புருசன் முருகேசு தொலைபேசியில் அழுதான்.

"மிஸ்ஸி, புள்ளயோட காலு வந்திருச்சு மிஸ்ஸி! என்ன செய்யிறதுன்னே தெரியல!"

நான் டொக்டரிடம் ஓடினேன். உழவு இயந்திரம் ஒன்று முயன்று பார்த்துப் பாதித் தண்ணீரில் நின்றுவிட்டது. படகு அனுப்பக் கேட்டோம். வர மத்தியானமாகும் என்றார்கள். தாயும் பிள்ளையும் அதுவரை தாங்கமாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டொக்டர் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உமக்கு நீந்தத் தெரியுமோ?"

"இல்லை டொக்டர்."

"எனக்கும் பெரிசாத் தெரியாது. அப்ப வள்ளத்தைக் கவிழ்க்காமல் போவம்."

வள்ளத்தின் மறுமுனையைத் தூக்கி வேறொரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிவிட்டவ ரீச்சர்தான்.

தெரு மூழ்கிய இடத்தில் டொக்டர் இறங்கவில்லை. நன்றாக மேலே போய், வயல்களுக்கு மேலாகத் தண்ணீர் பரந்து ஓடிய இடத்தில் வள்ளத்தை இறக்கினார். "இதுக்கு இடப்பக்கம் போகத்தான் விருப்பம். ஆத்தோட போனா அக்கரையும் இடப்பக்கம்தானே!" என்று துடுப்பை எடுத்தார். நான் பிரசவப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வற்றாப்பளை அம்மனுக்கு என்னென்ன நேர்த்தி வைத்தேனோ, அம்மனுக்கே மறந்திருக்கும். வெள்ளம் எங்களைக் கீழே தள்ளியது. வள்ளமோ தன் பழக்கத்தை விடாமல் இடப்பக்கம் இழுத்தது. ஒரு மருதமரக் கிளை என் தலையை உரசிக்கொண்டு போக, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது முருகேசு இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் லெட்சுமி களைத்துப்போயிருந்தாள். நான் பதறிக் கையை நீட்ட, "அவசரப்படாதையும், தானா வரட்டும்" என்றார் டொக்டர். திருப்புளி பிடிக்கிற அதே கை; நடுக்கமே இல்லை. தோள் வந்தது. பிறகு தலை. பிள்ளை நீலம்பாரித்துக் கிடந்தது, மூச்சில்லை. நான் சின்ன முகமூடியை வைத்துக் காற்றுப்பையை அமத்த அமத்த, அவர் முதுகைத் தேய்த்தார். அந்த வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பிறகு அது அழுதது. என்ன அழுகை! இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன். அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. முருகேசு வாசல் சேற்றில் குந்தியிருந்து தானும் அழுதான். "பொம்பளப் புள்ளையா மிஸ்ஸி?" என்று லெட்சுமி கேட்டாள். "ஓம், சிங்கம் மாதிரி ஒண்டு" என்றேன்.

வெள்ளம் வடிந்ததும் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அன்று குளக்கரையில் சிரித்த ஆட்களே வள்ளத்தைத் தோளில் தூக்கி, வெடி கொளுத்தி, சந்தையைச் சுற்றி ஊர்வலம் விட்டார்கள். டொக்டர் வெட்கத்தோடு பின்னால் நடந்தார். நான் வெட்கமே இல்லாமல் முன்னால் நடந்தேன். விடுதி வாசல் படலையடியில் ரீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றா.

"இனி என்ன, கப்பல் கட்டப் போறியளோ?"

கண் மட்டும் கலங்கியிருந்தது.

டொக்டர் மாற்றலாகிப் போனபோது வயலினும் தேனீப் பெட்டிகளும் லொறியில் ஏறின. வள்ளத்தை அக்கரைச் சனங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். பாலம் கட்டும் வரை ஒவ்வொரு மாரியிலும் அது ஓடியது. பிறகு உக்கிப்போனது. டொக்டரும் இப்போது இல்லை. வள்ளம் கரைசேர்ந்த இடத்தை 'டொக்டர் துறை' என்று சனங்கள் வெகுகாலம் சொன்னார்கள். இப்போது பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால், நடத்துனர் பிள்ளை, "அது எங்க இருக்கு, அம்மா?" என்று கேட்கிறான். நானும் விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ரிக்கற் கேட்கிறேன்.