பூசணிக்கு ஒரு மாப்பிள்ளை

என் அண்ணிக்குத் தொழில் தையல். பிடிவாதம் பிறவியிலேயே வந்தது. அடைமழையில் யாராவது கொல்லையில் காய்கறி போடுவார்களா? அண்ணி போட்டாள். தக்காளி வேர் அழுகிச் செத்தது, கீரை சேற்றோடு சேறானது. அவள் அசரவில்லை. செங்கல் அடுக்கி, மேலே மண் நிரப்பிய சாக்குகளை ஏற்றி, தண்ணீர் வடியக் கத்தரிக்கோலால் அடியில் ஓட்டை போட்டாள். ஒரே ஒரு பூசணிக்கொடி பிழைத்தது.

அண்ணனுக்கோ அங்கே சிமெண்ட் போட்டு பைக் நிறுத்த வேண்டும். "இந்த மழைக்கும் காய் பிடிக்கலன்னா இடத்த விட்டுடு" என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள். நாத்தனார் எனக்குத்தான் பொறுக்கவில்லை. மெஷினிலிருந்து எழுந்து அவள் சிரிக்கிற ஒரே இடம் அது.

கடைசியில் ஒரு பெண் மொட்டு வந்தது. மழைக்கு வண்டு வராது. ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் நாமே தொட்டுவிட வேண்டும். அந்த ஆண் பூவுக்கு அண்ணி வைத்த பெயர் மாப்பிள்ளை. மலர்வதற்கு முதல்நாளே, மழை படாமல் மொட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி வைத்தாள்.

விடிந்து பார்த்தால் மாப்பிள்ளைகள் எல்லாம் சேற்றில் ஊறிக் கிடக்கிறார்கள். பறித்துப் போட்டது அண்ணன்.

"காய்க்காத பூவுக்கு எதுக்குச் சத்து வீணாகணும்? உதவிதானே பண்ணேன்!"

"நல்லா பண்ணீங்க" என்று குடையும் டிபன் டப்பாவுமாக மழையில் இறங்கினாள் அண்ணி. உச்சிவேளைக்குள் பெண் பூ கூம்பிவிடும்; அதற்குள் வேறு ஆண் பூ வேண்டும். நானும் பின்னால் ஓடினேன். தெருக்கோடி வாட்ச்மேன் வீட்டு வேலியில் பூசணி படர்ந்திருந்தது. கதவைத் தட்டி, மூச்சிரைக்க, "உங்க வீட்டுல மாப்பிள்ளை இருக்கா? எங்க பொண்ணுக்கு இப்பவே வேணும்" என்றாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பையனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலையேம்மா..."

என் மானம் கப்பலேறியது. அண்ணி சிரிக்கக்கூட நிற்காமல் வேலியைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும், நான் குடை பிடிக்க, கொண்டுவந்த ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவினாள். பட்டுத்துணியில் பொத்தான் துளை தைக்கிற அதே பதம். அந்தக் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

அதன்பிறகு தினமும் விடியலில் போய்ப் பார்ப்பாள். பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால் எல்லாம் போச்சு. இதற்கிடையில் கொத்தனார் மணல் வண்டியோடு வந்து நின்றார். அண்ணன் என்றைக்கோ சொல்லி வைத்தது.

அண்ணன் வாசலுக்கு ஓடினான். "மெதுவா பேசுங்க, பிஞ்சு பிடிச்சிருக்கு. இப்ப சிமெண்ட் வேலை வேணாம்."

"அப்ப மணல்?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அண்ணியைப் பார்த்தான். "சாக்குல கலந்தா தண்ணி இன்னும் நல்லா வடியும்ல?"