ஒரே எண்ணில் இரண்டு பேர்

பிரீனாவுக்கு வீடு மார்த்தாண்டம் பக்கம். வேலை நாகர்கோவிலில், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு அவள்தான் புரோகிராம் எழுதினாள். நாகர்கோவில், களியக்காவிளை, கடியப்பட்டணம் என்று அதற்கு மூன்று கிளைகள். நெட் அடிக்கடி போகும் என்பதால், ஒவ்வொரு கிளையும் தன் கம்ப்யூட்டரிலேயே நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து வைத்து, நெட் வந்ததும் நாகர்கோவிலுக்கு அனுப்பும்.

மூன்று இடத்திலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டால், எல்லாம் ஒன்றுசேரும்போது மோதும் என்று அவள் தொடக்கத்திலேயே தன் நிறுவன முதலாளி முருகதாஸிடம் சொன்னாள். எங்கே உருவானாலும் இன்னொன்றோடு ஒத்துப்போகாத நீண்ட அடையாளம் ஒன்றைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளட்டும் என்றாள். அவ்வளவு நீளத்தை யார் வாசிப்பார்கள் என்று அவர் சிரித்தார். பிரீனா எண்ணையே வைத்தாள்.

இரண்டு கிளைகளில் ஒரே எண் விழுந்து மோதியது. கடியப்பட்டணத்தில் இரத்தம் கொடுத்த ஜெஸ்பின் என்ற கர்ப்பிணியின் பெயரில், களியக்காவிளை முதியவர் ஒருவரின் சர்க்கரை அளவு அச்சாகி வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கச் சொன்னதால் தவறான மருந்து உள்ளே போகவில்லை. மறு ரிசல்ட் வரும்வரை அந்தப் பெண் சாப்பிடாமல் அழுதாளாம். முருகதாஸ், புரோகிராம் எழுதியது நீதானே என்றார்.

பிரீனா எல்லா அட்டவணைகளிலும் நீண்ட அடையாளத்தையே, ஒரு பதிவை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பிரைமரி கீயாக மாற்றினாள். மோதல் நின்றது, வேறு தொல்லை வந்தது. அடையாளங்கள் ஒழுங்கில்லாமல் உருவாகின. டேட்டாபேஸோ அவற்றை வரிசைப்படுத்தி வைப்பது. ஒவ்வொரு புதிய நோயாளியையும் நடுவில் எங்கோ இடம் விலக்கிச் சொருக வேண்டியிருந்தது. காலையில் நோயாளிகள் கூட்டமாக வரும்போது கவுண்டர் திரை அசையாமல் நின்றது. போதாததற்கு, அவளிடம் கேட்காமலே முருகதாஸ் அந்த அடையாளத்தை ரசீதிலும் அச்சிட வைத்திருந்தார்.

நாகர்கோவில் கிளையின் கவுண்டரில் இருக்கும் ஞானசெல்வி ஃபோன் செய்தாள். "மக்கா, எழுத்தும் நம்பருமா இவ்வளவு நீளத்துக்குக் கெடக்கு. நான் இத எப்பம் வாசிச்சு முடிப்பேன்? எல்லாரும் என்னையதான் ஏசுதாவ."

பழைய எண்ணுக்கே போய்விடலாம் என்றார் முருகதாஸ்.

"அப்பம் அடுத்த ஜெஸ்பின்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க சார்," என்றாள் பிரீனா.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் உட்கார்ந்து அதைச் சீர் செய்தாள். அடையாளத்தின் முன்பகுதியில், அது உருவான நேரம் வரும்படி செய்தாள். புதியவை ஒழுங்காகக் கடைசியில் போய்ச் சேர்ந்தன. ஆட்கள் வாசிப்பதற்கு, கிளையின் முதல் எழுத்தோடு சின்ன எண் ஒன்றைத் தனியாக வைத்தாள். களியக்காவிளைக்கும் கடியப்பட்டணத்துக்கும் முதல் எழுத்து ஒன்றே என்பதால், அதை இரண்டெழுத்தாக்குவதில் கொஞ்ச நேரம் போனது.

திங்கட்கிழமை திரை சட்டென்று திறந்தது. "இப்பம் கொள்ளாம்," என்றாள் ஞானசெல்வி திருப்தியாக.

நிலையத்தின் உரிமையாளர் நேரில் வந்து பார்த்தார். பழையபடி சின்ன எண்தானே இருக்கிறது, இதற்கா இத்தனை பாடு என்று முருகதாஸிடம் கேட்டார். முருகதாஸ் ஆமாம் என்று தலையாட்டினார். உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல பிரீனா வாயெடுத்தாள். இருவரும் அதற்குள் டீ குடிக்கக் கிளம்பியிருந்தார்கள். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.