பர்லிங்டனில் கவிழ்த்து வைத்த கிளாஸ்

1998 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நானும் பக்கத்து அபார்ட்மென்ட் பாத்திமாவும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கிளம்பினோம். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் இரண்டு மைல் சொச்சம். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. நடந்தோம்.

டிரெண்டனில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. "கார் இல்லாம எப்படிப் போய் வருவே? ஒரு நாள் ட்ரெயின், பஸ்ல சுத்திட்டு, எனக்கு போன் பண்ணாம வீட்டுக்கு வந்து சேரு. அப்புறம் பேசலாம்" என்று சவால் விட்டிருந்தார் என் கணவர் முரளி.

டிரெண்டன் வரை ரயில். அங்கிருந்து டெலவேர் ஆற்றோர ஊர்கள் வழியாகப் போகும் பஸ். டிக்கெட் இரண்டு டாலருக்குள். ஓட்டிய அம்மாள் எங்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, பர்லிங்டனில் பத்திரமாக இறக்கிவிட்டார்.

ஆறு அகலமாக, பழுப்பாக இருந்தது. "நம்ம காவிரி மாதிரியே..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்கக்கா, இதுல தண்ணி ஓடுது" என்றாள் பாத்திமா.

மதியம் பசித்தது. கண்ணில் பட்டது ஒரு பழைய மதுக்கடைதான். பாத்திமா வாசலிலேயே நின்றாள். "எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்."

"கீழக்கரைக்கு யாரு போய்ச் சொல்லப் போறா? எனக்கு பாத்ரூம் போகணும், வா."

உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டோம். திடீரென்று கடைக்காரர் வந்து, ஆளுக்கொரு குட்டி கிளாஸை எங்கள் முன் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நம்மூர் டீக்கடையில் கிளாஸைக் கவிழ்த்தால் கடை மூடுகிறார்கள் என்று அர்த்தம். குடிக்காதவர்களுக்கு இடமில்லை என்கிறார் போலும். பணத்தை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினோம். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

டிரெண்டன் திரும்ப ஏறிய பஸ்ஸில் அதே ஓட்டுநர் அம்மாள். கையில் இரண்டு சோடா கேன்கள்! கவிழ்த்த கிளாஸ் என்றால், யாரோ உங்களுக்கு ஒரு பானம் வாங்கித் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். வாங்கியவர் அவரேதான்; கடை மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். வெட்கம் பிடுங்கித் தின்றது. சோடா மட்டும் நன்றாக இருந்தது.

மாலை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால், பார்க்கிங்கில் முரளி காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சாவி காருக்குள் தொங்கியது.

"மூணு மணிக்கே வந்துட்டேன். உன்னைக் காணோமேங்கற டென்ஷன்ல லாக் பண்ணிட்டேன்."

"ஸ்பேர் சாவி?"

"வீட்ல இருக்கு. எப்படிப் போறது?"

பாத்திமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க, நடந்துடலாம். எனக்கு வழி தெரியும்" என்றேன்.

பாதி தூரத்தில் முரளி மூச்சு வாங்க நின்றார்.

"அந்த கோர்ஸ் என்னிக்கு ஆரம்பிக்குது?"