நகக்கண்ணில் நீலம்

தொலைந்துபோனதாக எல்லோரும் தலைமுழுகிவிட்ட ஒரு பழைய ஜப்பான் படத்தை எங்கோ ஒரு கிடங்கில் கண்டெடுத்து, துடைத்துச் சுத்தம் செய்து இணையத்தில் விட்டிருக்கிறார்கள். வேற்றுக்கிரகத்தார் பூமியைப் பிடிக்க வரும் கதை. போன வாரம் பார்த்தேன். மலைக்குப் பின்னாலிருந்து அந்த விண்கலம் மெல்ல எழுந்தபோது, இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏழு வயதில் ஆம்பூர் கொட்டகையில் சித்தப்பாவோடு வாய் பிளந்து பார்த்த அதே படம்.

படம் பேசியது இங்கிலீஷா ஜப்பானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் சித்தப்பாவுக்குக் கிடையாது. வந்தவர்கள் நம்மைப் போலவே உருமாறி ஊருக்குள் குடியிருக்கிறார்கள் என்று என் காதில் கதை சொன்னார்.

"கைய மட்டும் மாத்த முடியாது. நீலமா இருக்கும். சோறு கூட கையால துன்ன மாட்டானுங்க. கண்டுபுடிச்சா மிலிட்டரிக்காரன் இட்னு போய்டுவான்."

திரையில் ஒருவர் குச்சியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்பாமல் எப்படி இருப்பது?

எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவின் நகக்கண்கள் நீலம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. கொஞ்ச நாளாக அவர் ஸ்பூனால்தான் சாப்பிட்டார். அம்மா கேட்டால், ஆபீசர் மாதிரி சாப்பிடுகிறேன் என்று சிரிப்பார். எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், எத்தனையோ வீடுகள் இருக்க, எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாரே. ஆனால் யாராவது கண்டுபிடித்துவிட்டால்?

அடுத்த மாதம் குடியாத்தத்தில் அத்தை மகளுக்குக் கல்யாணம். பந்தியில் அப்பாவின் சோற்றில் சாம்பார் ஊற்றியாகிவிட்டது. அவர் கையை இலைக்குக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார். எதிர் வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பஸ் கண்டக்டர் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து பாவாடையில் செருகிக் கொண்டுவந்த ஸ்பூனை அப்பாவின் இலையோரம் நகர்த்தினேன்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார், மெதுவாக.

"தெரியும்ப்பா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது.

இப்போது திரையின் கீழே ஓடும் வசனத்தைப் படித்துக்கொண்டே பார்த்தால், படத்தில் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படமே கறுப்பு வெள்ளை. சித்தப்பா அண்ணனின் கையைப் பார்த்துக் கதை கட்டியிருக்கிறார். ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில், சுழலும் ட்ரம்மிலிருந்து தோலை இழுத்துப் போடுவது அப்பாவின் வேலை. தோலை நீலமாக்கும் மருந்து அவர் விரலிடுக்குகளையும் தின்று குழி குழியாகப் புண்ணாக்கியிருந்தது. சாம்பார் பட்டால் உயிர் போய்விடும். தெரிந்தால் அம்மா வேலைக்கு விடமாட்டாள் என்று மறைத்துக்கொண்டிருந்தார். அந்த வலியை மகள் கண்டுகொண்டாள் என்று நினைத்துத்தான் அன்று கலங்கினார்.

நானோ, அவருக்குத் தன் கிரகத்து ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்து, என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.