மூன்று கழுத்து விதி

“முதல் பனிக்கு ஒரு நாள் முன்னாடி டயர் மாத்தறவன்தான் மனுஷன். ரெண்டு நாள் முன்னாடி மாத்தறவன் கோழை. ஒரு நாள் கழிச்சு மாத்தறவன் முட்டாள். நான் முப்பது வருஷமா மனுஷனாத்தான் இருக்கேன். சாகற வரைக்கும் இருப்பேன்!”

இசாநை ஊரின் ஒரே முடிதிருத்தகத்தில், ஒரு வாடிக்கையாளரை மல்லாக்கப் படுக்கவைத்து, முகம் முழுக்க நுரை பூசி, கையில் சவரக்கத்தியுடன் கோடாமா மாஸ்டர் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். கடையில் இருந்தவர்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்கக்கூடிய ஒரே ஆளின் தொண்டையில்தான் அப்போது கத்தி இருந்தது.

அந்த ஆள் ஒசனாய். அஞ்சலகத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அரைக்கைச் சட்டையில் திரியும் செப்டம்பரிலேயே காருக்கு, பனிச் சாலையில் வழுக்காத பனி டயர் மாட்டிவிடும் முன்யோசனைக்காரர். கோழை என்பது யாருக்கான பட்டம் என்று கடையில் எவருக்கும் ஐயமில்லை.

கத்தி விலகியதும் ஒசனாய் வாயைத் திறந்தார். “கோழை உயிரோட இருக்கான் மாஸ்டர். அதனாலதான் மாசாமாசம் உங்க கடைக்கு வரான்.”

“நீங்க முடி வெட்டிக்கவா வரீங்க? தலையில என்ன இருக்கு வெட்டறதுக்கு? என் வாயைப் பிடுங்கத்தானே வரீங்க!”

ஜப்பானின் வட தீவான ஹொக்கைடோவின் உட்பகுதியில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது எளிது. டயருக்கு நாள் பார்ப்பதுதான் கடினம். சீக்கிரம் மாற்றினால் காய்ந்த தார்ச்சாலையில் பனி டயரின் மெத்தென்ற ரப்பர் தேய்ந்து போகும், ஊர் சிரிக்கும். தாமதமாக மாற்றினால் கார் வாய்க்காலில் கிடக்கும். ஊர் வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டு, பிறகு சிரிக்கும். பனி விழுந்த அன்று மாற்றலாம் என்றாலோ, நருசே அம்மாளின் டயர் கடை வாசலில் தொடங்கும் வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டி நிற்கும்.

ஆகவே அறிகுறி பார்ப்பது எங்கள் ஊரின் பரம்பரை வழக்கம். சிலர் வெள்ளைப் பஞ்சு சுமந்து பறக்கும் பனிப்பூச்சியைப் பார்ப்பார்கள். சிலர் மலையுச்சி மூன்று முறை வெளுக்கும்வரை காத்திருப்பார்கள். கோடாமா மாஸ்டர் இரண்டையும் ஏற்பதில்லை. “பூச்சிக்கு ஆயுசே ஒரு வாரம், அதுக்கு என்ன அனுபவம் இருக்கப்போகுது?” என்பார். மலையைப் பற்றி இன்னும் மோசமாகச் சொல்வார்.

அவருடைய விஞ்ஞானம் கழுத்து. குளிர் நெருங்கும்போது முடி வெட்டிக்கொள்ள வருகிறவர், தன்னையறியாமல், “மாஸ்டர், பின்கழுத்துல கொஞ்சம் விட்டு வெட்டுங்க” என்று சொல்வார். வாய்க்குத் தெரியாத சேதி கழுத்துக்குத் தெரியும். ஒரே நாளில் மூன்று பேர் அப்படிக் கேட்டுவிட்டால் மாஸ்டர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கக் கொட்டகையைத் திறப்பார். மறுநாள் பனி. வானிலை ஆய்வாளர்களிடம் செயற்கைக்கோள் இருக்கிறது. ஆனால் அது யாருடைய பின்கழுத்தையும் தொட்டுப் பார்த்ததில்லை.

கோடையில் அவருடைய காருக்கு வெள்ளி நிறச் சக்கரங்கள். பனி டயர்கள் கறுப்பு இரும்புச் சக்கரங்களில் கோத்தவை. முடிதிருத்தகத்தின் முன்னால் கறுப்புச் சக்கரம் தெரிந்த அரை மணி நேரத்தில் ஊர் முழுவதும் ஜாக்கியும் கையுமாகத் தெருவில் நிற்கும். நகர மன்றத் தலைவருக்கே இந்த அதிகாரம் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டில் அந்த அக்டோபரில் குழப்பம் மூண்டது.

அவருடைய மனைவி ஃபுமியெ மீனவர் படகுப்பாட்டு பாடுகிறவர். கடல் கண்ணில் படாத ஊரில் இருந்துகொண்டு இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் முதல் முறையாகப் பெரிய போட்டிக்குத் தேர்வானார். போட்டி ஒகுமிநே கணவாய்க்கு அப்பால் கடற்கரை ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. ரயில் பாதையை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். பேருந்து போய்ச் சேரும்போது மதியமாகிவிடும். மாஸ்டரின் கார் கணவாயைத் தாண்டினால் ஃபுமியெ மேடை ஏறுவார், இல்லையென்றால் இல்லை.

“ஏங்க, போட்டி ஞாயித்துக்கிழமைக்குள்ள பனி டயரை மாட்டிடுங்க. கணவாயில விழுந்தாலும் விழும்,” என்றார் ஃபுமியெ, இரவுச் சாப்பாட்டின்போது.

“ஒரு கழுத்துகூடக் கேக்கல.”

“கழுத்தெல்லாம் ஊருக்குள்ள இருக்கு. கணவாய் மேல இருக்கு.”

மாஸ்டரின் சாப்பாட்டுக் குச்சிகளுக்கு இடையே இருந்த முள்ளங்கித் துண்டு அந்தரத்தில் நின்றது. முப்பது ஆண்டுகளில் அந்த விதியின்மேல் இப்படியொரு கேள்வியை யாரும் எழுப்பியதில்லை.

“அடியே, நான் கறுப்புச் சக்கரத்தோட தெருவுல இறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஊரே மாத்தும். அப்புறம் மூணு வாரம் வெயிலடிக்கும். எல்லாரும் காஞ்ச ரோட்டுல ரப்பரைத் தேச்சுக்கிட்டு என் பேரைச் சொல்லித் திட்டுவாங்க. ஒரு மனுஷன் பேர் எடுக்க முப்பது வருஷம் ஆகுது!”

“ஒரு பொம்பள மேடை ஏற இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. சூப் ஆறுது, குடிங்க.”

மறுநாள் காலை ஒசனாய் வந்து நின்றார். எங்கள் ஊரில் சேதிக்கு அஞ்சலகம் தேவைப்படாது என்பதை அஞ்சலகத் தலைவரே நிரூபித்தார்.

“ஃபுமியெசான், என் வண்டியில வாங்களேன். கோழையோட வண்டிதான். ஆனா போய்ச் சேந்துடும்.”

உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. “என் பெண்டாட்டி அந்த வண்டியில ஏறினா, நான் இந்தக் கடையை மூடிட்டு உங்க வீட்டுத் தோட்டத்துல முள்ளங்கி பிடுங்கப் போயிடுவேன்!”

“வந்தீங்கன்னா சந்தோஷம். ஆள் கிடைக்கறதில்ல,” என்றார் ஒசனாய்.

ஃபுமியெ சிரித்து, குனிந்து வணங்கினார். “ரொம்ப நன்றி, ஒசனாய்சான். இவரே கூட்டிட்டுப் போவார்.”

அது நம்பிக்கையா மிரட்டலா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோது மாஸ்டர் துண்டு எடுக்க வீட்டுக்குள் போனார். ஃபுமியெ கூடத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

“ஆமாங்க, கணவாய் தாண்டி வரணும்... என் முறை வரும்போது நான் இல்லன்னா காத்திருக்க வேண்டாங்க. அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுங்க... இல்லையில்ல, வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. தேர்வானதே பெரிய விஷயம்.”

பேசி முடித்து, அவர் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனார். பனி வாரும் மண்வாரியையும் இழுவைக் கயிற்றையும் முழங்கால்வரை வரும் பூட்சையும் பின்பக்கத்தில் வைத்தார். அவற்றுக்குப் பக்கத்தில், சுருங்காமல் இருக்க இடம் ஒதுக்கி, கிமோனோ பெட்டியை ஒருமுறை வைத்துப் பார்த்தார். கார் நின்றுவிட்டால் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்ற திட்டம் அதில் தெளிவாகத் தெரிந்தது. துண்டு எடுக்கப் போன மாஸ்டர் துண்டில்லாமல் திரும்பி வந்து, காத்திருந்த வாடிக்கையாளரின் காதைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை முடிதிருத்தகங்களுக்கு விடுமுறை. முகமூடி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று மூன்றையும் அணிந்து மாஸ்டர் நருசே அம்மாளின் டயர் கடைக்குப் பின்வாசல் வழியாகக் காரை ஓட்டிப் போனார். பின் இருக்கையில் நீலத் தார்ப்பாயால் மூடிய நான்கு வட்டமான பொருள்கள் இருந்தன.

“வாங்க மாஸ்டர்!” என்றார் நருசே.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“உங்க கார்ல வந்திருக்கீங்களே.”

மாஸ்டர் இந்தச் சிறு குறையைப் பொருட்படுத்தாமல் விஷயத்துக்கு வந்தார். பனி டயர் ரப்பரைக் கறுப்புச் சக்கரத்திலிருந்து உரித்து, வெள்ளிச் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். வெளியே பார்க்கிறவனுக்குக் கோடை, உள்ளே குளிர்காலம்.

நருசே ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இத்தனை வருஷத்துல டயருக்கு டோப்பா வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்ல. அதுவும் முடி வெட்டறவர் வந்து கேக்கறாரு!”

“சிரிக்காதீங்க. வெளிய சொல்லவும் சொல்லாதீங்க.”

“சொன்னா என் கடைக்கு இன்னைக்கே திருவிழா மாஸ்டர். அது சரி, ஞாயித்துக்கிழமை பனி விழுமா?”

“விழாது.”

“அப்புறம் எதுக்கு?”

“விழாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்,” என்று மாஸ்டர் தொப்பியைக் கழற்றி இடுப்பு வளையக் குனிந்தார். “மாட்டுங்க.”

அந்த வாரம் முழுவதும் அவருக்குத் தூக்கமில்லை. தான் செய்ததற்கு ஒரே ஒரு கழுத்தாவது சாட்சி சொல்லாதா என்று வந்தவர்களிடமெல்லாம் தானே கேட்கத் தொடங்கினார். “பின்னால கொஞ்சம் விடட்டுமா? குளுருமே?”

“வேண்டாம் மாஸ்டர், ஒரே வெக்கையா இருக்கு. நல்லா ஒட்ட வெட்டிடுங்க.”

மூன்று பேர் என்ன, ஊரே அப்படிச் சொன்னது. விஞ்ஞானம் இவ்வளவு உறுதியாக ஒரு விஞ்ஞானியைக் கைவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஒகுமிநே கணவாய் சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றி எரிந்தது. இலை பார்க்க வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் தின்றது. இவ்வளவுக்கும் நடுவே மாஸ்டரின் கார் ஒருவிதமாக ரீங்கரித்துக்கொண்டு ஏறியது. காய்ந்த சாலையில் பனி டயர் போடும் சத்தம், கூட்டுக்குள் கலைந்த தேனீக்கள் போல.

“என்னங்க சத்தம் அது?”

“ரோடு.”

“போன மாசம் இந்த ரோடு இப்படிக் கத்தலையே.”

“புதுசாப் போட்டிருப்பாங்க.”

ஃபுமியெ கணவரின் முகத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டி வெள்ளிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்ல காது படைத்தவர். வீட்டோடு ஒட்டிய கடையில் வாடிக்கையாளர்கள் இருப்பார்கள் என்பதால் ஆண்டுக்கணக்கில், போகும் வரும் வழியில், இந்தக் காருக்குள் உட்கார்ந்துதான் அவர் பாடிப் பழகியிருந்தார். குளிர்காலத்தில் இதன் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாதா? அந்த ரீங்காரத்தின் மேலேயே மெல்ல முதல் வரியை எடுத்தார். தம்புரா மீட்டியதுபோல் டயர் கீழே நின்றது, குரல் மேலே போனது.

சற்று நேரத்தில் நிறுத்தினார். “வேகத்தைக் குறைங்க. சுருதி ஏறுது.”

மாஸ்டர் குறைத்தார்.

“இப்ப ரொம்ப இறங்கிடுச்சு. ம்... கொஞ்சம்... அங்கதான்! அப்படியே பிடிங்க!”

மாஸ்டர் அப்படியே பிடித்தார். ஏற்றத்திலும் வளைவிலும் இறக்கத்திலும் வேகமானியின் முள் அசையாமல் பிடித்தார். பின்னால் கார்கள் வால்போல நீண்டன. யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கணவாய் முழுவதும் மனைவிக்குச் சுருதி போட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் கடல் தெரிந்தது. ஃபுமியெ, “ஐயோ, சீக்கிரம் வந்துட்டோமே!” என்று சிறுமிபோல் கைதட்டினார்.

அரங்கத்துக்குள் மாஸ்டரால் உட்கார முடியவில்லை. மனைவியின் முறை நெருங்கியதும் எழுந்துவிட்டார். வெளியே வந்து, ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தின் கீழே, தன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அங்கே ஒசனாய் வந்து சேர்ந்தார். போட்டியைப் பார்க்க இசாநையிலிருந்து தன் வண்டியில் தனியாக வந்திருந்தார். மாஸ்டருக்கு வணக்கம் சொன்னவர், டயரில் எதையோ கவனித்து, அப்படியே குந்தி, முன் சக்கரத்தின்மேல் கையை வைத்தார். விரல் நுனி ரப்பரின் மெல்லிய கீறல்களுக்குள் இறங்கியது. அந்தக் கீறல்கள் கோடை டயரில் கிடையாது.

“மாஸ்டர்! இது பனி டயர்!”

“ஆமா.”

“வெள்ளிச் சக்கரத்துல!”

“ஆமா.”

“எப்போ மாத்தினீங்க?”

“திங்கக்கிழமை.”

ஒசனாய் எழுந்து, கொளுத்தும் சூரியனை ஒரு தரம் பார்த்தார். வாழ்நாளில் கிடைக்காத சந்தோஷம் அவர் முகத்தில் பொங்கியது. குரல் தானாக உயர்ந்தது. “இந்த வெயில்லயா! எந்தக் கழுத்து சொல்லிச்சு?”

“ஒரு கழுத்தும் சொல்லல.”

ஒலிபெருக்கியில் ஃபுமியெயின் பெயரைச் சொன்னார்கள். ஊரின் பெயரையும் சொன்னார்கள். பிறகு முதல் சுரம் நீளமாக எழுந்தது.

“அப்படின்னா மாஸ்டர், உங்க கணக்குப்படி நீங்களும் கோ...”

“ஆமா ஆமா, நானும் கோழைதான்,” என்றார் கோடாமா மாஸ்டர், கண்ணைக் கம்பத்தின் உச்சியிலிருந்து எடுக்காமல். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ஒசனாய்சான். அவ பாடறா.”