பதினான்கு சதவீதமும் ஒரு பூனையும்

எங்கள் வீட்டுப் பூனை தயிர் சாதம்தான் சாப்பிடும். ஸ்ரீரங்கத்தில், அதுவும் எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொண்ட பூனைக்கு வேறு வழி கிடையாது. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு தானாக வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு, நான் பேசினால் முகத்தைப் பார்த்துக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். என் கணவர் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு கேட்பவர். அவருக்குப் பூனை என்றாலே ஆகாது. படுக்கையறைக்குள் அது கால் வைக்கக் கூடாது என்று வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

தை மாதம் எனக்குத் தும்மல் பிடித்தது. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் இருபது, இருபத்தைந்து. மூக்கு சிவந்து, தொண்டை அரித்து, போதும் பெருமாளே என்றாகிவிடும். புத்தூரில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரிப்போர்ட்டை வாங்கி வந்தவர் கணவர். ஈசினோஃபில் என்ற வரியில் பதினான்கு சதவீதம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. இருக்க வேண்டியது ஆறு வரைதான் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் என் கணவர் செல்போனிலேயே மருத்துவப் படிப்பை முடித்துவிட்டார்.

"அலர்ஜியாம். வீட்டுப் பிராணியால வருமாம். நான் அப்பவே சொன்னேனோல்லியோ?"

"வயித்துல பூச்சி இருந்தாலும் ஏறுமாம். நானும் பார்த்தேன்."

"அதுவும் பூனையாலதான் வரும்."

அத்தோடு தீர்ப்பு ஆகிவிட்டது. வையம்பட்டிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்து பூனையை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்தில் உப்பே போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை. அவரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். ஆத்திரத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகம். உடம்புக்கு என்று வந்த பிறகு, எதைச் சொல்லிப் பூனையை வைத்துக்கொள்வது?

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா பதறவில்லை.

"வெள்ளை அணுக்கள்ல இது ஒரு வகைங்க. அலர்ஜி, ஆஸ்துமா, பூச்சி, சில மருந்துன்னு எதனால வேணா ஏறும். உடம்பு எதையோ எதிர்த்துக்கிட்டு இருக்குன்னு இந்த நம்பர் சொல்லும். எதைன்னு சொல்லாது. அதை நாமதான் தேடணும். தும்மல் எப்ப வருது?"

"காலைல, படுக்கைலயே."

"பூனைதான் காரணம் டாக்டர்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

"பூனை படுக்கை ரூமுக்கு வருமா?"

"நான் விடறதே இல்லை" என்றார் பெருமையாக.

"பகல் பூரா என் மடியிலதான் கிடக்கும். அப்ப ஒரு தும்மல் கிடையாது" என்றேன் நான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி, தலைமாட்டுல என்னங்க இருக்கு?"

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். தலைமாட்டில் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. கோயிலில் பாசுரம் சேவிக்கப் போகும் என் கணவருக்குக் கிடைக்கும் பெருமாள் மாலைகள் எல்லாம் அதற்குள்தான். சுவாமி சூடிய மாலையைக் குப்பையில் போடக் கூடாது, காலில் படக் கூடாது, ஆற்றில் சேர்க்க வேண்டும். காவிரி நடந்து போகிற தூரம்தான். ஆனால் கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்பார். மார்கழி மாலைகள் முழுக்கச் சேர்ந்து பை பிதுங்கிக்கொண்டிருந்தது.

சொன்னேன். கணவர் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"பூ காய்ஞ்சு பூஞ்சை பிடிச்சிருக்கும். ராத்திரி பூரா அந்தத் தூசி உங்க மூக்குலதான். பூனையை நான் இப்பவே விடுதலை பண்ணலை. முதல்ல பையை எடுங்க, ரூமைச் சுத்தம் பண்ணுங்க. மாத்திரை ஒரு வாரம். அடுத்த மாசம் மறுபடி ரத்தம் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து கணவர் பையைக் கழற்றினார். கழற்றியவர் நாலு தும்மல் போட்டார். நான் சிரித்த சிரிப்பில் பூனை பயந்து ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இரண்டே தும்மல். நண்பர் மூடி போட்ட கூடையோடு வந்து நின்றார். அசடு வழிய என் கணவர் மாலைப் பையை அவர் கையில் கொடுத்தார். "தென்னை மரத்தடியில, கால் படாத இடமா புதைச்சுடுங்கோ." பூனைக்கு வந்தவர் பூவோடு போனார்.

அடுத்த மாதம் ரிப்போர்ட்டில் ஐந்து. வாங்கி வந்த கணவர் என்னிடம் வரவில்லை. நேரே முற்றத்தில் படுத்திருந்த பூனையிடம் போய் உட்கார்ந்தார்.

"அஞ்சு. நார்மல். நீ ஒண்ணும் பண்ணலை" என்று அதற்கு வாசித்துக் காட்டினார். பூனை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையில் செய்தித்தாள் இல்லை.

"அன்னிக்கு ரசத்துல உப்புப் போடலையே," என்றார், "நீ மறக்கலைன்னு எனக்குத் தெரியும்."