பிரிக்காத மடிப்பு

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். துணி விஷயத்தில் அவள் தெய்வம், நான் பிசாசு. இது அம்மாவின் தீர்ப்பு.

அக்காவுக்கு ஏழு வயதில் தலையில் கட்டி வந்தது. மலைக்குக் கீழே பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதை அறுத்தெடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் தலைக்குக் கரண்டு வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு ஜவ்வாது மலையில் அதுதான் பெயர். பிழைத்து வந்தாள். பின்னந்தலையில் ஒரு வட்டம் முடி முளைக்கவில்லை, அவ்வளவுதான். வருஷம் ஒருமுறை கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். தலைவலி போனதும் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி ஞாபகமும் போய்விட்டது. சாமை அறுப்பு, புளி உலுக்கல் என்று காரணத்துக்கா பஞ்சம்?

அடுத்த பொங்கலுக்கு மலையடிவாரத்து ஒடுகத்தூரில் ஒரே பச்சைத் துணியில் எங்கள் இருவருக்கும் பாவாடை தைத்தார்கள். வளரும் பிள்ளைகள் என்று கீழே மூன்று மடிப்பு பிடித்துத் தைப்பது வழக்கம். உயரம் கூடக்கூட அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவாள். மூன்று வருஷத்தில் எனக்கு மூன்றும் பிரித்தாயிற்று. பிரித்த இடமெல்லாம் வெளுக்காமல் பட்டை பட்டையாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னை அணில் என்றார்கள். அக்காவின் பாவாடையில் ஒரு மடிப்பும் பிரியவில்லை.

"துணின்னா அவளாட்டம் வெச்சிக்கணும். நீ இன்னா, மடிப்பத் தின்றியா?" என்பாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அக்கா இல்லாத நேரத்தில் அவள் பாவாடையைத் திருட்டுத்தனமாகக் கட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அடி விழுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. உயரத்தில் நான் அக்காவை எட்டிப் பிடித்ததை வீட்டில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நோவில் கிடந்த பிள்ளை, மெள்ள வளரும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்துக் காட்டிக் கண்டித்தபிறகுதான் அப்பா அசைந்தார். அம்மா அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அழுது புரண்டு ஒட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா தலைவலி உண்டா, வாந்தி உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "போன வருஷத் துணி இப்ப பத்துதா?" என்று கேட்டார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "மூணு வருசமா இதே பாவாடதாங்கம்மா. ஒரு மடிப்பு பிரிச்சதில்ல. அவ்ளோ பத்திரமா வெச்சிக்குவா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அது எனுக்கே பத்தலங்க. நான் கட்டிப் பாத்தேன்!"

அவர் எங்கள் இருவரையும் சுவரோரம் நிறுத்தி அளந்தார். நான் அவளைவிட இரண்டு விரல் உயரம். பிறகு அக்காவின் இடது கையை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். தலையில் வந்த நோய்க்குக் கையை ஏன் பிடிக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. மறுநாள் வெறும் வயிற்றில் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, மூச்சு வாங்க வாங்க ரத்தம் எடுத்தார்கள். நானும் கூடவே ஓடி அவளை முந்தினேன்.

இன்னொரு நாள் காத்திருந்தபின் டாக்டரம்மா அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். "கைப் படத்துல பாத்தா, எலும்பு வளர்ச்சி ஏழு வயசுலயே நின்னிருக்கும்மா. கட்டிக்கு வெச்ச கதிர், வளர்றதுக்குச் சுரக்கிற சுரப்பியையும் கெடுத்திருக்கு."

"மருந்து இருக்குதுங்களா?"

"வெளிநாட்டுல இருக்கு. எழுதிக் கேக்கறேன். கிடைக்கறது கஷ்டம்."

வெளியே வந்ததும் அம்மா அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "இதப் போயி பெருமையா சொல்லிக்கினு இருந்தனே" என்று அழுதாள். நான் மாட்டிவிட்டதற்குத்தான் அழுகிறாள் என்று பயந்து தூரப் போய் நின்றேன். அந்த மருந்து கடைசிவரை வரவேயில்லை. அக்கா இன்றும் என் தோளுக்குக் கீழேதான் நிற்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண், "ரெண்டும் உம் பொண்ணுங்களா? யாரு பெரியவ?" என்று கேட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா என்னைக் காட்டி, "இவதாங்க அக்கா" என்றாள்.

"அப்ப தங்கச்சியப் பத்திரமா பாத்துக்கோம்மா" என்றாள் அந்தப் பெண் என்னிடம்.

ஒடுகத்தூரில் அக்காவின் கையைப் பிடித்து நான்தான் இறக்கிவிட்டேன். பெரியவள் பட்டத்தை இத்தனை சுலபமாக எனக்குக் கொடுத்துவிட்டாளே என்று, மலையேறி வீடு சேரும்வரை தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.